பொட்டலத்தின் முதுகில் எழுதியிருப்பது

வீட்டு நாய்க்கும் பூனைக்கும் போடுகிற தீனி சரியானதுதானா என்பதை இரண்டு இடங்களில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஒன்று அதன் உடம்பு. மற்றது தீனிப் பொட்டலத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் லேபிள். வளர்ப்பவர்களில் பலர் இரண்டையுமே பார்ப்பதில்லை. கடைக்காரர் எடுத்துத் தரும் பையை வாங்கி வந்து, கிண்ணம் நிறையக் கொட்டி வைப்பதோடு சரி. ‘பெடிகிரி’ என்ற வணிகப் பெயரே தமிழ்நாட்டுக் கடைகளில் எல்லா நாய்த் தீனிக்கும் பொதுப்பெயராகிவிட்ட நிலையில், எந்தப் பையில் என்ன இருக்கிறது என்ற கேள்வியே எழுவதில்லை.

உடம்பிலிருந்து தொடங்குவதே முறை. உலகச் சிறு விலங்கு கால்நடை மருத்துவச் சங்கம் 2011-இல் வெளியிட்ட ஊட்டச்சத்து வழிகாட்டுதல்கள், உடல் வெப்பம், நாடி, மூச்சு, வலி ஆகிய நான்கோடு ஐந்தாவதாக ஊட்டநிலையையும் ஒவ்வொரு பரிசோதனையிலும் பார்க்கச் சொல்கின்றன. அதற்கான அளவுகோல் 1 முதல் 9 வரை. ஒன்று என்றால் எலும்பும் தோலும். ஒன்பது என்றால் இடுப்பே தெரியாத பருமன். நாய்க்கு 4 அல்லது 5, பூனைக்கு 5 என்பது சரியான நிலை. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதம் கூடுதல் எடையைக் குறிக்கும்.

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், கை போதும். ஒரு கையை முஷ்டியாக மடக்கி, அதன் முட்டிகளின் மேல் மறு கை விரலை ஓட்டினால் மேடும் பள்ளமுமாகக் குத்தும். நாயின் விலா அப்படித் தட்டுப்பட்டால் அது மெலிந்திருக்கிறது. மடக்கிய கையை விரித்துப் புறங்கையைத் தடவினால் எலும்பு தெரியும், ஆனால் துருத்தாது. விலா இப்படி இருப்பதுதான் நல்லது. கையைத் திருப்பி உள்ளங்கையைத் தடவினால் எலும்பை அழுத்தித் தேட வேண்டியிருக்கும். விலாவும் அப்படியென்றால் கொழுப்பு மூடிவிட்டது. பொமேரேனியன் போன்ற அடர்ந்த முடிக்காரர்களைக் கண்ணால் பார்த்து எடை போட முடியாது, கை வைத்தே ஆகவேண்டும். மாறாக, சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்கள் பிறவியிலேயே ஒடிசலானவை; அவற்றின் விலா கொஞ்சம் தெரிவதைப் பட்டினி என்று நினைத்துக் கொழுக்க வைப்பது தவறு. பூனைகளுக்கு அடிவயிற்றில் பை போலத் தொங்கும் தளர்ந்த தோலும் இயல்பானதே, தொப்பை அல்ல.

கொழுப்போடு தசையையும் பார்க்க வேண்டும். வயதான நாய் பார்வைக்குப் பருமனாக இருக்கும். ஆனால் முதுகெலும்பின் இருபுறமும் தோள்பட்டையிலும் தொட்டுப் பார்த்தால் சதை கரைந்து குழி விழுந்திருக்கும். எடைக்கருவியில் இந்த வித்தியாசம் தெரியாது.

பருமன் என்றால் செல்லக் கொழுப்பு என்று சிரித்துவிட்டுப் போகிறவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்லலாம். அமெரிக்காவில் 48 லேப்ரடார் நாய்களை 24 ஜோடிகளாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவான தீனி கொடுத்து, ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். தீனி ஒன்றே, அளவு மட்டும்தான் வேறு. 2002-இல் வெளியான முடிவின்படி, நிறையச் சாப்பிட்ட நாய்களின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டு, குறைவாகச் சாப்பிட்டவற்றுக்கு 13. மூட்டுத் தேய்மானமும் இவற்றுக்குப் பிந்தியே வந்தது. ஏறக்குறைய இரண்டு ஆண்டு என்பது நாயின் வாழ்நாளில் சின்னக் கணக்கல்ல.

அடுத்த கேள்வி, எவ்வளவு போடுவது. உடம்பு சும்மா படுத்திருக்கும்போது செலவாகும் ஆற்றலுக்கு ஒரு சூத்திரம் உண்டு: எடையின் 0.75 படியை 70-ஆல் பெருக்க வேண்டும். பயப்படத் தேவையில்லை, சாதாரண கால்குலேட்டரில் எடையை மூன்று தடவை பெருக்கி, வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் அந்தப் படி வந்துவிடும். 16 கிலோ நாட்டு நாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 16 × 16 × 16 என்பது 4,096. அதன் வர்க்கமூலம் 64, அதற்கும் வர்க்கமூலம் 8. எட்டை எழுபதால் பெருக்கினால் 560 கலோரி. கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு இதை 1.6-ஆல் பெருக்குவது வழக்கம். ஆக நாளொன்றுக்குச் சுமார் 900 கலோரி. கருத்தடை செய்த பூனைக்குப் பெருக்கு எண் 1.2, நாலு கிலோ பூனைக்கு ஏறத்தாழ 240 கலோரி வரும். இதெல்லாம் தொடக்கக் கணக்குதான். காவலுக்குக் கட்டிப்போட்ட நாய்க்கும் தோட்டம் முழுக்க ஓடுகிற நாய்க்கும் தேவை ஒன்றாக இருக்காது. கணக்கைப் போட்டு, இரண்டு வாரம் கொடுத்து, மறுபடி விலாவைத் தடவிப் பார்த்துக் கூட்டிக் குறைக்க வேண்டும்.

அந்த 900-இல் நொறுக்குத் தீனிக்கு உள்ள பங்கு பத்தில் ஒன்று, அதாவது 90 கலோரி. சிறிய குளுக்கோஸ் பிஸ்கட் ஒன்றில் ஏறக்குறைய 25 கலோரி இருக்கும். காலை டீக்கு அப்பா இரண்டு, பள்ளி விட்டு வந்த பிள்ளை இரண்டு, சாயங்காலம் பாட்டி யாருக்கும் தெரியாமல் இரண்டு என்று போட்டால் 150 ஆகிவிடும். நாய் என்ன சாப்பிடுகிறது என்று மருத்துவர் கேட்கும்போது கிண்ணத்தில் போடுவதை மட்டும் சொல்வார்கள். பிஸ்கட் கணக்கு வெளியே வராது. வீட்டில் உள்ள எல்லாரும் ஒரு வாரம் எழுதி வைத்தால்தான் உண்மை தெரியும்.

இனி லேபிளுக்கு வரலாம். இந்தியாவில் மனித உணவை மேற்பார்க்கும் 2006-ஆம் ஆண்டுச் சட்டம், உணவு என்பதன் வரையறையிலிருந்து விலங்குத் தீவனத்தை விலக்கி வைத்திருக்கிறது. நாய், பூனை உணவுக்கென இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 11968 என்ற தரக் குறிப்பு இருக்கிறது. பொட்டலப் பொருள் விதிகள், 2011-இன்படி தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் முகவரி, நிகர எடை, மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை, புகார் சொல்ல ஒரு தொடர்பு ஆகியவை இருந்தாக வேண்டும். ஊட்டச்சத்து விஷயத்திலோ, இங்கே விற்கும் பல பைகளில் காணப்படும் சொற்கள் ஆஃப்கோ எனப்படும் அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கத்தின் மாதிரி விதிகளைத் தழுவியவை. அந்தச் சங்கம் எந்தத் தீனியையும் சோதிப்பதோ அங்கீகரிப்பதோ இல்லை. விதிகளையும் சத்து அளவுகளையும் வகுத்துத் தருவது மட்டுமே அதன் வேலை. ‘ஆஃப்கோ அங்கீகாரம் பெற்றது’ என்று ஒருவர் சொல்லி விற்றால் அந்தப் பேச்சை நம்ப வேண்டாம்.

அந்த மாதிரி விதிகளில் சுவையானது பெயர் வைக்கும் கணக்கு. ‘சிக்கன் நாய் உணவு’ என்று மொட்டையாகப் பெயர் இருந்தால், பதப்படுத்தச் சேர்த்த நீரைக் கழித்து 95 சதவீதம் சிக்கன் இருக்க வேண்டும். ‘சிக்கன் டின்னர்’ என்று ஒரு சொல் ஒட்டிக்கொண்டால் 25 சதவீதம் போதும். ‘வித் சிக்கன்’ என்றால் 3 சதவீதம். ‘சிக்கன் ஃபிளேவர்’ என்றால் இத்தனை சதவீதம் என்ற கணக்கே கிடையாது, வாசனை தெரிந்தால் சரி. நான்கு பைகளிலும் அதே வறுத்த கோழியின் படம் இருக்கும். அமெரிக்க விதியைப் பின்பற்றும் பைகளுக்குத்தான் இந்தக் கணக்கு பொருந்தும் என்றாலும், பெயரில் ஒட்டியிருக்கும் குட்டிச் சொல்லைக் கவனிக்கும் பழக்கம் எந்தப் பைக்கும் உதவும். ‘பிரீமியம்’, ‘ஹோலிஸ்டிக்’ போன்ற சொற்களுக்கு அந்த விதிகளில் பொருளே இல்லை. அவை விலைச்சீட்டின் உறவினர்கள்.

சேர்மானப் பட்டியல் எடை வரிசைப்படி அச்சாகும். அந்த எடை சமைப்பதற்கு முந்தைய எடை, தண்ணீரும் சேர்த்து. பச்சைக் கோழி இறைச்சியில் ஏறக்குறைய 70 சதவீதம் நீர். அது பட்டியலின் தலைமாட்டில் நின்றாலும், உலர்ந்த உருண்டையாக வெளிவரும்போது அதன் பங்கு மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிடும். ‘சிக்கன் மீல்’ என்று இருப்பது நீரை வற்றவைத்து அரைத்த தூள். பெயர் மட்டமாகத் தோன்றினாலும் எடைக்கு எடை அதில் புரதம் அதிகம். இன்னொரு தந்திரமும் உண்டு. மக்காச்சோளத்தை மாவு, பசைப்புரதம், தவிடு என மூன்றாகப் பிரித்து எழுதினால், ஒவ்வொன்றும் கீழே இறங்கி, இறைச்சி மேலே ஏறி நிற்கும். மூன்றையும் கூட்டினால் உண்மையில் முதலிடம் சோளத்துக்குத்தான்.

அதற்காகத் தானியத்தையே வெறுக்க வேண்டியதில்லை. மனிதரோடு வாழப் பழகிய காலத்தில் நாய்களின் உடலில் மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணுவின் பிரதிகள் ஓநாய்களைவிடப் பல மடங்கு பெருகியிருப்பதை 2013-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. தானியமே இல்லாத, பட்டாணியும் பருப்பும் மிகுந்த தீனிகளுக்கும் நாய்களின் இதய வீக்கத்துக்கும் தொடர்பு உண்டா என்று 2018-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் விசாரணை தொடங்கியது. காரணம் இன்னும் உறுதிப்படவில்லை. ஆனாலும் ‘கிரெயின் ஃப்ரீ’ என்ற அடைமொழிக்காகக் கூடுதல் பணம் கொடுக்க நல்ல காரணம் எதுவும் இல்லை என்பது தெளிவு.

பட்டியலுக்கு அடுத்து வருவது பகுப்பாய்வுக் கட்டம். கச்சாப் புரதம், கச்சாக் கொழுப்பு இரண்டுக்கும் குறைந்தபட்ச அளவும், கச்சா நார், ஈரப்பதம் இரண்டுக்கும் அதிகபட்ச அளவும் அதில் இருக்கும். ‘கச்சா’ என்பது தரத்தைக் குறிக்கும் சொல் அல்ல, அளக்கும் முறையைக் குறிப்பது. ஆய்வகத்தில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. உணவில் உள்ள நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறார்கள், புரதத்தில் சராசரியாக 16 சதவீதம் நைட்ரஜன் என்பதால். இந்தக் குறுக்குவழியில் ஓர் ஓட்டை இருந்தது. பிளாஸ்டிக் பிசின் செய்ய உதவும் மெலமைனில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். ஒரு கிராம் மெலமைனைக் கலந்தால் சோதனை அதை நாலு கிராமுக்கு மேற்பட்ட புரதமாகக் காட்டும். சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் அதைத்தான் கலந்திருந்தார்கள். 2007 மார்ச்சில் கனடாவின் மெனு ஃபுட்ஸ் நிறுவனம் 6 கோடி டின்களையும் பொட்டலங்களையும் திரும்பப் பெற வேண்டி வந்தது. மெலமைனும் அதோடு வந்த சயனூரிக் அமிலமும் சிறுநீரகத்தில் படிகங்களாகி நாய்களும் பூனைகளும் மடிந்தன. அடுத்த ஆண்டே அதே கலப்படம் சீனாவில் குழந்தைகளின் பால் மாவில் வெளிப்பட்டது. கட்டத்தில் புரதம் இத்தனை சதவீதம் என்று இருப்பது அது எதிலிருந்து வந்தது, எவ்வளவு செரிக்கும் என்பதற்குப் பதில் அல்ல.

இந்தக் கட்டத்தைப் படிப்பதில் பெரும்பாலோர் செய்யும் பிழை வேறொன்று. உலர் தீனிப் பையில் புரதம் 22 சதவீதம். கிரேவிப் பொட்டலத்தில் 8 சதவீதம். முதலாவதுதான் சத்து என்று கை அதற்குப் போகும். ஆனால் முதலாவதில் ஈரம் 10 சதவீதம், இரண்டாவதில் 80. நீரைக் கழித்துப் பார்த்தால் முன்னதில் 90 பங்கில் 22, அதாவது 24 சதவீதம். பின்னதில் 20 பங்கில் 8, அதாவது 40 சதவீதம். தண்ணீர் கழித்த கணக்கில்தான் ஆஃப்கோவின் அளவுகளும் இருக்கின்றன: வளர்ந்த நாய்க்குப் புரதம் குறைந்தது 18 சதவீதம், குட்டிக்கு 22.5, வளர்ந்த பூனைக்கு 26, பூனைக்குட்டிக்கு 30.

கலோரி அச்சாகாத பைகளும் உண்டு. அதையும் வீட்டிலேயே கணக்கிடலாம். மேலே சொன்ன உலர் தீனியில் புரதம் 22, கொழுப்பு 10, நார் 4, ஈரம் 10, சாம்பல் 8 என்று வைத்துக்கொண்டால் கூட்டுத்தொகை 54. மீதி 46 மாவுச்சத்து. லேபிளில் மாவுச்சத்து பெரும்பாலும் இராது. இப்படிக் கழித்துத்தான் எடுக்க வேண்டும். புரதத்துக்கும் மாவுக்கும் கிராமுக்கு 3.5 கலோரி, கொழுப்புக்கு 8.5. மூன்றையும் பெருக்கிக் கூட்டினால் 100 கிராமுக்கு 323 கலோரி. அந்த 16 கிலோ நாய்க்கு வேறெதுவும் தராவிட்டால் ஒரு நாளைக்கு 280 கிராம் போதும். சமையலறைத் தராசில் ஒரு முறை நிறுத்து, எந்தக் கிண்ணத்தில் எந்த மட்டம் என்று குறித்துக்கொண்டால் தினமும் நிறுக்க வேண்டாம். கிரேவிப் பொட்டலமோ 80 கிராமுக்கு 70 கலோரியளவில் நிற்கும். அதை மட்டுமே கொடுப்பதென்றால் நாளைக்கு 13 பொட்டலம் பிரிக்க வேண்டும்.

லேபிள் முழுவதிலும் ஒரே ஒரு வரியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், படிக்க வேண்டியது ‘கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு’ என்று தொடங்கும் வாக்கியம். அந்தத் தீனியை மட்டுமே கொடுத்தாலும் எல்லாச் சத்தும் கிடைத்துவிடும் என்பது அதன் பொருள். ‘காம்ப்ளிமென்டரி’ என்று இருந்தால் அது துணை உணவு. அதையே முழுச் சாப்பாடாக்கக் கூடாது. கிரேவிப் பொட்டலங்களில் இரண்டு வகையும் கலந்து கிடக்கும். அதே வாக்கியத்தில் எந்தப் பருவத்துக்கு என்பதும் இருக்கும்: வளர்ச்சி, பராமரிப்பு, அல்லது எல்லாப் பருவமும். சூத்திரப்படி தயாரித்ததா, விலங்குகளுக்கு ஊட்டிப் பார்த்ததா என்பதையும் அது சொல்லும். வளர்ந்த நாய்க்கான ஊட்டல் சோதனை என்பது எட்டு நாய்களை 26 வாரம் அந்த ஒரே தீனியில் வைத்திருப்பது. பெரிய சோதனை அல்ல, ஆனால் காகிதக் கணக்கைவிட மேல்.

பருவம் என்பது லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய இனக் குட்டிகளுக்கு விளையாட்டான விஷயம் இல்லை. இளங்குட்டியின் குடலுக்கு மிகுதியான கால்சியத்தைத் தடுத்து நிறுத்தத் தெரியாது. வந்ததையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும், எலும்பு கோணலாக வளரும். அதனால்தான் பெரிய இனக் குட்டிகளின் தீனியில் கால்சியம் 1.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. குட்டி வாங்கிய கையோடு கால்சியம் டானிக் பாட்டிலும் வாங்குவது நம் ஊர்ப் பழக்கம். முழுமையான குட்டித் தீனி போடுகிறவர்கள் அந்தப் பாட்டிலைக் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம்.

பை எதுவும் வாங்காமல் வீட்டுச் சாப்பாட்டிலேயே வளர்ப்பவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அதற்கு லேபிள் இல்லை, ஆனால் கணக்கு உண்டு. நூறு கிராம் சோற்றில் ஏறக்குறைய 130 கலோரி, இரண்டரை கிராம் புரதம். 900 கலோரிக்கு 700 கிராம் சோறு போட்டால் கிடைக்கும் புரதம் 18 கிராம்தான். ஆஃப்கோ கணக்கில் அந்த நாய்க்கு 40 கிராம் வேண்டும். மேலே ஊற்றும் கொஞ்சம் தயிர் இந்தப் பள்ளத்தை மூடாது. மறுமுனையில், கோழிக்கடைக் கழிவை மட்டும் அவித்துப் போட்டுக் குட்டி வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். எலும்பில்லாத இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. இரத்தத்தில் கால்சியத்தைச் சரிக்கட்ட உடம்பு தன் எலும்பையே கரைக்கும். குட்டி நொண்டும், லேசான குதிப்பிலேயே கால் முறியும். ஈரலையே தினமும் தின்று பழகிய பூனைக்கு வைட்டமின் ஏ மிஞ்சிக் கழுத்தெலும்புகள் ஒட்டி இறுகும். புத்தகங்களிலும் இணையத்திலும் வந்த 200 நாய்ச் சமையல் குறிப்புகளை அமெரிக்காவின் டேவிஸ் கால்நடை மருத்துவப் பள்ளி ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டது. 95 சதவீதக் குறிப்புகளில் ஒரு சத்தாவது குறைந்திருந்தது. வீட்டுச் சாப்பாடு கூடாது என்பதல்ல இதன் பொருள். கால்நடை மருத்துவரிடம் அளவு கேட்டு, தாதுக் கலவை சேர்த்துச் சமைக்க வேண்டும். வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதால் குழம்புச் சோறும் பிரியாணி மிச்சமும் சேரக் கூடாது. திராட்சை, சாக்லேட், சர்க்கரையில்லா மிட்டாய்களில் சேரும் சைலிட்டால் ஆகியவையும் ஆகாது. வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

பூனை சின்ன நாய் அல்ல. அதற்கு டாரின் என்ற அமினோ அமிலம் உணவிலிருந்தே வந்தாக வேண்டும். இது குறைந்தால் இதயம் வீங்கித் தளரும் என்பதையும், டாரின் கொடுத்தால் தேறிவிடும் என்பதையும் 1987-இல் டேவிஸ் ஆய்வாளர் பால் பியான் குழுவினர் கண்டுபிடித்த பிறகுதான் பூனைத் தீனி நிறுவனங்கள் அளவை உயர்த்தின. கேரட்டில் உள்ள கரோட்டினை வைட்டமின் ஏ-ஆக மாற்றவும் பூனைக்கு முடியாது. ஆகவே நாய்த் தீனியைப் பூனைக்குப் பங்கு வைப்பதும், பூனையைச் சைவமாக்குவதும் ஆபத்து. சில வகை மீன்களைப் பச்சையாகவே போட்டுப் பழக்கினால் அவற்றிலுள்ள நொதி தயாமினை அழித்துவிடும். வேகவைத்தால் அந்த நொதி செத்துவிடும். பருத்த பூனையை இளைக்க வைக்கப் பட்டினி போடவே கூடாது. சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே கொழுப்பு ஈரலில் குவிந்து உயிருக்கு ஆபத்தாகும்.

தீனியை மாற்றுவதென்றால் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரே நாளில் மாற்றினால் வயிறு கழியும். பிறகு பழி நல்ல தீனியின் மேல் விழும்.

பெரிய மூட்டையைப் பிரித்துக் கிலோக் கணக்கில் ‘லூஸ்’ விற்பது பல கடைகளில் நடக்கிறது. விலை குறைவுதான். ஆனால் அந்தப் பாலித்தீன் பையில் சேர்மானம், கட்டம், பருவம், தேதி எதுவும் இல்லை. மூட்டை எப்போது பிரிந்தது என்பதும் தெரியாது. காற்றுப் பட்டால் தீனியின் கொழுப்பு காறிப்போகும்; கடலோர ஊர்களின் ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கும். முழுப் பை வாங்கினாலும், பிரித்த பிறகு ஐந்தாறு வாரத்தில் தீரும் அளவுதான் வாங்க வேண்டும். பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டுகிறவர்கள் பையோடு சேர்த்து உள்ளே வைத்து வாயை இறுக்கிக் கட்டுவது நல்லது. அடியில் கிடக்கும் பழைய தூளின் மேல் புதியதைக் கொட்டினால் காறல் தொற்றிக்கொள்ளும். பையைத் தூக்கிப் போடத்தான் வேண்டும் என்றால், தொகுதி எண்ணும் தேதியும் உள்ள துண்டையாவது கத்தரித்து டப்பாவில் ஒட்டி வைக்கலாம். நாய் திடீரென்று வாந்தி எடுத்து நிறுவனத்தைக் கூப்பிட்டால் அவர்கள் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.